வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய ஜோடி நடன இசை என்றாலே கொண்டாட்டம்தானே? ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் 'வால்ஸ் திரிஸ்த்' (சோக வால்ட்ஸ்) மட்டும் ஏன் இப்படி மனசைப் பிசைகிறது?

அது நாடகத்துக்காக எழுதப்பட்ட இசை. அந்தக் காட்சி தெரியாமல் கேட்டாலும் சோகம் புரியும், ஆனால் அந்தச் சோகம் ஏன் வால்ட்ஸாக வருகிறது என்பது புரியாது. அதனால் முதலில் காட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபின்லாந்து எழுத்தாளர் ஆர்வித் யார்னெஃபெல்ட், சிபேலியஸின் மனைவி ஐனோவுக்கு அண்ணன். அவர் எழுதிய 'குவோலெமா' என்ற நாடகம் 1903 டிசம்பரில் ஹெல்சிங்கியில் மேடையேறியது. தலைப்புக்கு மரணம் என்று பொருள். மச்சான் நாடகத்துக்கு மாப்பிள்ளை இசை, அதுவும் மொத்தம் ஆறு சின்னத் துண்டுகள்தான். முதல் துண்டுதான் இந்த வால்ட்ஸ், அது வரும் இடம் இது: இரவு, நோயில் படுத்திருக்கும் ஒரு தாய், பக்கத்தில் கண்விழித்துக் காத்திருந்த மகன் களைத்துப்போய்த் தூங்கிவிடுகிறான். எங்கிருந்தோ நடன இசை கேட்கிறது. அவள் எழுந்து, உடுத்தியிருக்கும் வெள்ளை அங்கியோடு மெல்ல ஆடத் தொடங்குகிறாள், கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளைக் கைகாட்டி அழைக்கிறாள். அவர்களும் நிழல் நிழலாக ஜோடி சேர்ந்து வருகிறார்கள், ஆனால் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கடைசியில் வருவது மரணம். நாடகத்தில் அவள் அதை இறந்துபோன தன் கணவன் என்றே நினைத்து அதனோடு ஆடுகிறாள். மகன் கண்விழிக்கும்போது அம்மா இல்லை.

இப்போது இசைக்கு வாருங்கள். வால்ட்ஸின் தாளம் நம் தகிட மாதிரி மூன்று எண்ணிக்கை, முதல் அடி கனமாக, அடுத்த இரண்டும் லேசாக. வியன்னா வால்ட்ஸில் அந்த முதல் அடி காலைத் தூக்கிச் சுழல வைக்கும். இங்கே தொடக்கத்தில் தாழ்ந்த சுரத் தந்தி வாத்தியங்களை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுகிறார்கள், கேட்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெதுவாக. அதன் மேல் வரும் மெட்டை வாசிப்பவர்களும் தந்திக்கு ஒலியை அடக்கும் மியூட் போட்டுத்தான் வாசிக்கிறார்கள். எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்பதே பிடிபடாமல் மெட்டு அரை அரை சுரமாக நழுவிக்கொண்டே இருக்கிறது. தாளம் இருக்கிறது, ஆடும் தெம்பு இன்னும் வரவில்லை. படுக்கையில் இருக்கும் ஒருத்தி எங்கோ தூரத்தில் கேட்கும் இசையைக் காதால் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள், அந்தத் தடுமாற்றத்துக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் ஒரு இடத்தில் மெட்டு மேஜருக்கு, அதாவது மேற்கத்திய இசையில் மகிழ்ச்சியாக ஒலிக்கும் சுர வரிசைக்கு, திரும்புகிறது. இசைக்கு வெளிச்சம் வருகிறது, நிஜமான ஒரு நடன மெட்டு, இளமையில் அவள் ஆடியது இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றவைக்கிற மெட்டு. என்னைப் பொறுத்தவரை துண்டிலேயே மிகவும் துக்கமான இடம் இதுதான், கடைசி முடிவு கூட இல்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாள், நமக்கு மட்டும்தான் அது நிலைக்காது என்று தெரியும். பிறகு இசை சோர்ந்து பழைய மெட்டுக்கே விழுந்து, மறுபடி எழுந்து, இந்த முறை வேகம் கூடிக்கூடி வெறிபிடித்தது போல் ஓடி, உச்சத்தில் சட்டென்று அறுந்துபோகிறது. மிச்சம் நான்கு வயலின்கள் மட்டும், ஒவ்வொன்றும் தனித்தனிக் குரலாக, மிக மிக மெல்லிய நீண்ட ஸ்வரங்கள். அவ்வளவுதான். மொத்தமே ஐந்தாறு நிமிஷம்.

நாடகத்தில் இது தந்தி வாத்தியங்களுக்கு மட்டுமான துண்டு. 1904-ல் சிபேலியஸ் இதைத் தனியாக எடுத்துத் திருத்தி, ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், இரண்டு ஹார்ன், டிம்பனி முரசு இவ்வளவை மட்டும் சேர்த்துக் கச்சேரித் துண்டாக்கினார். நாம் இன்று கேட்பது அதைத்தான். வாத்தியம் இவ்வளவு குறைவு என்பதால் சின்ன இசைக்குழுக்கள், ஹோட்டல் பேண்டுகள் வரை எல்லோராலும் வாசிக்க முடிந்தது, சில வருஷங்களில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

இதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று. சிபேலியஸ் அப்போது கடனில் இருந்தார். இதன் உரிமையைச் சொற்பத் தொகைக்குப் பதிப்பாளரிடம் மொத்தமாக விற்றுவிட்டார். ராயல்டி ஏற்பாடு மட்டும் இருந்திருந்தால் இந்த ஒரு வால்ட்ஸே குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கும். 1957 வரை, 91 வயது வரை வாழ்ந்தவர், ஊரெல்லாம் இதை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தார். சிம்பொனி என்ற பெரிய இசைக்குழுப் படைப்புகளை எழுதிய மனிதரை இந்தச் சின்னத் துண்டை வைத்தே பலர் அறிந்திருந்தார்கள். அதனால் இதை 'லேசான இசை' என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இவ்வளவு குறைந்த பொருளை வைத்து ஒரு சாவை இத்தனை துல்லியமாகச் சொன்ன இசை நிறைய இல்லை.

எதைக் கேட்பது என்றால், இசைக்குழு நடத்துநர் கராயன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு செய்த பதிவு அடர்த்தியானது, தந்திகள் பட்டு மாதிரி. மென்மையின் எல்லை வரை போய்ப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு நடத்துநர் பாவோ யார்வி நடத்துவதைத் தேடுங்கள். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், தொடக்கத்தில் சுண்டுவது காதிலேயே விழாது, ஹெட்போன் போடுங்கள். பிடித்திருந்தால் அதே நாடகத்து இசையிலிருந்து 1906-ல் அவர் உருவாக்கிய கொக்குகள் காட்சி என்ற துண்டையும் அடுத்துக் கேளுங்கள், கிளாரினெட்டுகள் கொக்கு போலவே கத்தும்.