ஏலச்செடித் தூர்ல ஒரே எடத்துல கெடக்குற பாம்பு, என்ன பண்ணலாம்?

கேள்வி: போடி மலைப்பக்கம் ஏலத்தோட்டம் வச்சிருக்கேன். மழை ஆரம்பிச்சதுல இருந்து ஏலச்செடித் தூர்ல தலை பெருசா ரெண்டு பாம்பு சுருண்டு கெடக்கு, ஒண்ணு பச்சை, இன்னொண்ணு செம்பழுப்பு. காய் எடுக்க வர்றவங்க பயப்படுறாங்க. மருந்து ஏதும் அடிக்கலாமா?

பதில்: வணக்கம்ணே. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அது மலபார் குழிவிரியன் மாதிரி தெரியுது, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் கெடையாது. ரெண்டு நெறம் இருக்குன்னு ரெண்டு ஜாதின்னு நெனைக்க வேணாம், இதுலயே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்புன்னு எல்லாம் உண்டு, அதனால நெறத்த நம்பாதீங்க, தலையப் பாருங்க. முக்கோணத் தலை, ஒல்லிக் கழுத்து, பூனைக்கு மாதிரி செங்குத்தான கண்மணி, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல சின்னதா ஒரு குழி, இருட்டுல எலியோட உடம்புச் சூட்டக் கண்டுபிடிக்கிறது அந்தக் குழியாலதான். ஒல்லியா நீளமா கூர்மூக்கோட இருந்தா அது வெறும் பச்சைப்பாம்பு.

இது பெரும்பாலும் ராத்திரிதான் எரை தேடும், தவளை, ஓணான், எலி எது வந்தாலும் புடிக்கும். ஈரமும் நெழலும் தவளையும் இருக்குறதால ஏலக்காடு அதுக்கு ரொம்ப தோதான எடம். வாலால கொப்பச் சுத்திப் புடிச்சிக்கிட்டு ஒரே எடத்துல நாள்கணக்கா அசையாம காத்துக் கெடக்கும், ஆள் கிட்ட போனாலும் ஓடாதுண்ணே, அதான் இதுல பெரிய ஆபத்து. ஒரு தடவ மிளகுக்கொடியில ஏணி சாத்திட்டு நான் கைய நீட்டினப்ப ஒரு சாண் தூரத்துல பாசி புடிச்ச பட்டை மாதிரியே இருந்துச்சு, நாக்கு வெளிய வந்தப்புறந்தான் பாம்புன்னே தெரிஞ்சுது.

மருந்து, பினாயில், கந்தகம் எதுவும் வேணாம், பாம்பு போகாது, காசுதான் போகும். அடிச்சுக் கொல்லவும் வேணாம், சட்டப்படி குத்தம், எலியத் தின்னு உங்களுக்கு ஒத்தாசையாத்தான் இருக்கு. காய்ச்சரம் தூர்லயே இருக்குறதால கை நேரா அங்கதான் போகும், அதனால மொதல்ல நீளக் குச்சியால செடித்தூரத் தட்டி, சருக வெலக்கிப் பாத்துட்டு அப்புறம் கைய விடச் சொல்லுங்க. கம்பூட்டும் கனமான க்ளவுஸும் கட்டாயம் வாங்கிக் குடுங்க. பாம்பு கெடக்குற தூர்ல ஒரு துணியக் கட்டி விட்டுட்டு அடுத்த தூருக்குப் போங்க.

கடிச்சா நல்லா வீங்கும், வலி தாங்க முடியாது. கீறக்கூடாது, கயிறு போட்டு இறுக்கக்கூடாது, மோதிரம் வளையல உடனே கழட்டிட்டு கைய ஆட்டாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நம்ம ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை இந்த நாலுக்குத்தான் தயாரிக்கிறாங்க, அதனால கடிச்சது குழிவிரியன்னு டாக்டர்கிட்ட சொல்லிருங்க, தூரத்துல நின்னு போட்டோ எடுக்க முடிஞ்சா அதையும் காட்டுங்க, பாம்பப் புடிச்சிட்டுப் போக வேணாம்.