மழைக்காலம் தாண்டியவரிடம் கேளுங்கள்: மலை வீட்டுக்கு டேப்லெட் வாங்கும் முன்

கேள்வி: நாங்கள் நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், இருக்கிறோம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்கு டேப்லெட் வாங்க 20,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். மாமியாருக்கு பெங்களூரில் இருக்கும் கொழுந்தனாரோடு வீடியோ காலில் பேச வேண்டும். கணவர் பச்சைத் தேயிலைக் கணக்கையும் அதிலேயே ஏற்றலாம் என்கிறார். வாங்கினவர்கள் எழுதியதைப் படித்தால் ஒருவர் அருமை என்கிறார், அடுத்தவர் எட்டே மாதத்தில் போய்விட்டது என்கிறார். யாரை நம்புவது? சிம் போடுகிற மாடல் வேண்டுமா, வைஃபை மட்டும் போதுமா? எங்கள் வீட்டில் வாசல் பக்கத்து ஜன்னல் ஓரத்தில்தான் டவர் கிடைக்கும். தெரிந்தவர் ஒருவர் பழைய ஐபேட் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

பதில்: சகோதரி, அந்த இரண்டு பேருமே உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள். அருமை என்றவர் வாங்கி ஒரு வாரம் ஆனவராக இருப்பார். எட்டு மாதத்தில் போய்விட்டது என்றவர் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியிருப்பார். குன்னூரில் பன்னிரண்டு வருடமாக போனும் டேப்லெட்டும் பழுது பார்க்கிறேன். கோத்தகிரி, குன்னூர் ஆட்கள் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு மார்கழி, தையில் வரிசையாக வருவார்கள். கூடலூர், தேவாலா பக்கத்தில் தென்மேற்குப் பருவமழைதான் கொட்டும், அதனால் அங்கிருந்து வருபவர்கள் ஆவணி, புரட்டாசியிலேயே வந்துவிடுவார்கள். பிராண்டு மாறுகிறது, பழுது மாறுவதில்லை. அதனால் எந்த டேப்லெட்டைப் பற்றி யார் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வாங்கி எத்தனை மாதம் ஆயிற்று, எந்த ஊரில் வைத்திருக்கிறீர்கள்? சென்னைக்காரர் மூன்று வருடம் நன்றாக ஓடியது என்று சொல்வதைவிட, உங்கள் பக்கத்து ஹட்டி டீச்சர் ஒரு கார்த்திகை தாண்டியும் ஓடுகிறது என்று சொன்னால் நான் அவரைத்தான் நம்புவேன்.

இணையத்தில் படிக்கும்போது ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். ஒரே மாடலின் வைஃபை வகைக்கும் சிம் வகைக்கும், 4 ஜிபி ரேமுக்கும் 8 ஜிபி ரேமுக்கும் வந்த கருத்துகளைக் கடைகள் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்து காட்டும். எழுதியவர் எதை வாங்கினார் என்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். அப்புறம், குறை சொல்கிறவரின் வார்த்தைக்குப் பின்னால் வேறொரு காரணம் இருக்கும். ‘ஆறு மாதத்தில் ஸ்லோ’ என்றால் பெரும்பாலும் 32 அல்லது 64 ஜிபி நிறைந்துபோயிருக்கும், ரேமும் குறைவாக இருக்கும். ‘படம் மங்கலாகத் தெரிகிறது’ என்றால் அந்த டேப்லெட்டில் வைட்வைன் எல்1 அனுமதி இருக்காது. அது இல்லாவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை ஹெச்டி தரத்தில் ஓடாது, எவ்வளவு நல்ல திரை இருந்தும் பயனில்லை. ‘போன் பேச முடியவில்லை’ என்று திட்டுகிறவர் வைஃபை மாடலை வாங்கியிருப்பார். இப்படிப் படித்தால் பாதிக் குறைகள் டேப்லெட்டின் குறையே இல்லை என்று புரியும். சார்ஜ் ஏறவில்லை, பேட்டரி உப்பிவிட்டது, சர்வீஸ் கிடைக்கவில்லை என்ற மூன்றும் ஒரே மாடலுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் அதை விட்டுவிடுங்கள்.

சரி, சிம்மா வைஃபையா? உங்கள் வீட்டுக்கு வைஃபை மாடலே போதும். காரணம் அந்த ஜன்னல். சிம் போட்ட டேப்லெட் வாங்கினால் டவர் கிடைக்கிற அந்த மூலைக்கே மகள் போய் உட்கார வேண்டும். மார்கழிக் குளிரில், வாடைக்காற்று வரும் ஜன்னலோரத்தில், மடியில் கம்பளியோடு அவள் வேதியியல் படிக்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போன் ஒன்றில் டேட்டா சிம் போட்டு, சார்ஜரோடு அந்த ஜன்னல் விளிம்பிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். மழைச்சாரல் தெறிக்காத பக்கமாகப் பார்த்து வையுங்கள். அதன் ஹாட்ஸ்பாட்டை உள் அறையில் டேப்லெட் பிடித்துக்கொள்ளும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு இருக்கும். 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் கல்சுவரை அதுதான் நன்றாகத் தாண்டும். சிம் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்க இருந்த சில ஆயிரம் மிச்சம்.

எந்த நிறுவனத்தின் சிம் என்பதைத் திரையின் மேலே தெரியும் சிக்னல் கட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் என்று ஒரு மைனஸ் எண் காட்டும். மைனஸ் 85, 90 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டினால் வீடியோ கால் திணறும். அக்கம்பக்கத்தில் சிம்களை இரவல் வாங்கி, ஜன்னலில் வைத்து, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எல்லோரும் போன் பார்க்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மலைக்குக் குறைந்த அலைவரிசை நல்லது, மேடு பள்ளம் தாண்டி ஓரளவு வளைந்து வரும். பிஎஸ்என்எல் 4ஜியில் 700 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது, அது பேண்ட் 28. ஜியோவில் 850 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது, அது பேண்ட் 5. பழைய போன்கள் சிலவற்றில் பேண்ட் 28 இருக்காது, எனவே பிஎஸ்என்எல் சிம் போடுவதானால் போனின் விவரக்குறிப்பில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள்காரர் உங்கள் ஹட்டிவரை ஃபைபர் இழுத்திருந்தால் இந்த வேலை எதுவுமே தேவையில்லை.

யுபிஐ மட்டும் கணவரின் போனிலேயே இருக்கட்டும். அந்தச் செயலிகள் உள்ளே இருக்கும் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உங்களை உறுதி செய்கின்றன. வைஃபை டேப்லெட்டில் அது நடக்காது.

இனி ஈரம். இதைத்தான் நான் ஒவ்வொருவரிடமும் நிறுத்தி வைத்துச் சொல்கிறேன்.

போன தை மாதம் ஒரு காலேஜ் பெண் டேப்லெட்டோடு வந்தாள். சார்ஜ் ஏறவில்லை. லென்ஸ் வைத்து சார்ஜ் துளைக்குள் பார்த்தால், நடுவில் இருக்கும் சின்ன நாக்கின் தங்க நிறக் கோடுகளில் மூன்று பச்சை பூத்திருந்தன. புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் சொம்பில் களிம்பு பிடிக்குமே, அதே பச்சை. “அண்ணா, தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படவில்லை” என்றாள். நான் நம்பினேன். அவள் சாயங்காலம் மிஸ்ட்டில் நடந்து வீட்டுக்கு வருகிறாள், பையில் இருக்கும் டேப்லெட் சில்லென்று ஆகிவிடுகிறது. வீட்டில் அடுப்பு எரிகிறது, வெந்நீர் கொதிக்கிறது. அந்த வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டதும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் போல நீர் பூக்கிறது. வெளியே பூப்பதைத் துடைத்துவிடலாம், துளைக்குள் பூப்பது கண்ணுக்குத் தெரியாது. வந்ததும் வராததுமாக அவள் சார்ஜில் போடுகிறாள். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும். ஒரே நாளில் அல்ல, ஒரு மழைக்காலம் முழுக்க.

மருந்து சுலபம். வெளியிலிருந்து வந்தால் அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும், அப்புறம் எடுத்துச் சார்ஜில் போடுங்கள். சார்ஜ் போடும் இடம் சமையலறையாக இருக்கவே கூடாது. பிஸ்கட் பாக்கெட் பிரித்த மறுநாளே நமுத்துப்போகிற வீடாக இருந்தால், பயன்படுத்தாத நேரத்தில் டேப்லெட்டை இறுக்கமாக மூடும் செவ்வக டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் எப்போது மறுபடி காய வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். தோல் உறை வேண்டாம், இந்த ஊரில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கான் உறை வாங்கி, வாரம் ஒருமுறை கழற்றி உள்பக்கம் துடையுங்கள். நனைந்துவிட்டால் அரிசி டப்பாவுக்குள் புதைக்காதீர்கள். அரிசித் துகள் துளைக்குள் போகும், ஆப்பிள் நிறுவனமே ஐபோனுக்கு அதைக் கூடாது என்கிறது. அணைத்துவிட்டு, துளை கீழ்நோக்கி இருக்குமாறு சாய்த்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஊசி, பின் எதையும் விட்டுக் குத்தாதீர்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது என் வீட்டிலேயே. என் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த டேப்லெட் ஒன்பதாம் மாதம் சார்ஜ் ஏறாமல் நின்றது. வாரண்டி இருக்கிறதே என்று நானே திறக்காமல் கோவைக்கு எடுத்துப் போனேன். சர்வீஸ் சென்டரில் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருப்பதைக் காட்டினார்கள். நீர் பட்டால் அது சிவப்பாகும், சிவந்தால் வாரண்டி கிடையாது. ஒரு நாள் பிழைப்பும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். உங்களுக்கும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே சுமார் 33 கிலோமீட்டர், அதற்கு அப்புறம் கோவை. அதனால் வாங்கும் முன் அந்த பிராண்டின் சர்வீஸ் எங்கே இருக்கிறது, வீட்டிலிருந்தே கூரியரில் எடுத்துக்கொள்வார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு மாடல்களுக்கு நடுவில் தடுமாறினால் சர்வீஸ் பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

குளிரால் டேப்லெட் கெட்டுப்போகும் என்ற பயம் வேண்டாம். ஐபேடுக்கு 0 முதல் 35 டிகிரிவரை என்கிறது ஆப்பிள், மற்றவையும் ஏறத்தாழ அப்படித்தான். காலையில் சார்ஜ் சீக்கிரம் இறங்குவது பேட்டரி குளிர்ந்திருப்பதால்தான், வெயில் ஏறினால் சரியாகும். உண்மையான ஆபத்து கம்பளிக்குள் இருக்கிறது. பிள்ளைகள் கம்பளிக்குள் வைத்துக்கொண்டே சார்ஜ் போடுவார்கள். சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி உப்பும். டேப்லெட்டை உறை இல்லாமல் சமமான மேஜையில் மல்லாக்க வைத்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் முதுகு உப்பியிருக்கிறது. உடனே அணைத்துவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள், சார்ஜ் மட்டும் போடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரை 10, 11 அங்குலம் இருக்கட்டும். 8 அங்குலத்தில் பாடநூல் பிடிஎஃப்-ஐ விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கியே அவள் அலுத்துவிடுவாள். குறைந்தது 128 ஜிபி சேமிப்பு, 6 ஜிபி ரேம், முடிந்தால் 8. கேமராவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இயர்போன் துளை இருந்தால் நல்லது, தகரக் கூரையில் மழை விழும்போது எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்று கேளுங்கள், பிளஸ் ஒன்னில் வாங்குவது கல்லூரி முடியும்வரை ஓட வேண்டுமே. பின்பக்கத்தில் அல்லது பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். டேப்லெட்டுகளுக்கு அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

பழைய ஐபேட் பொருள் நல்லதுதான், ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். மூன்று பேர் பயன்படுத்தப் போகிறீர்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம், வீட்டில் பயன்படுத்தும் ஐபேடில் அந்த வசதி இல்லை. தேயிலைக் கணக்கும் மகளின் நோட்ஸும் மாமியாரின் சீரியலும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். பழைய ஐபேடுகளில் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று செட்டிங்ஸில் காட்டவும் காட்டாது. அவர் மனம் நோகக் கூடாது என்று வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்முன்னே அவரது ஆப்பிள் கணக்கை நீக்கி, முழுக்க அழித்து, முதலிலிருந்து தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். அவரது பாஸ்வேர்டைக் கேட்டு நின்றால் அது உங்கள் கைக்கு வந்தும் பூட்டியே கிடக்கும். சிம் போடுகிற வகையாக இருந்தால், கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த ஐபேடின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் பொருளாகப் புகார் ஆகியிருந்தால் பதிலில் தெரியும்.

மாமியாருக்குத் தனிக் கணக்கு போடும்போது எழுத்தைப் பெரிதாக்கி, முதல் திரையில் கொழுந்தனாரின் படத்தோடு வீடியோ கால் பொத்தானை மட்டும் வையுங்கள், மற்ற எல்லாவற்றையும் அடுத்த திரைக்குத் தள்ளிவிடுங்கள். தேடுகிற இடத்தில் மைக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினாலே சீரியல் வந்துவிடும். குளிரில் கை மரத்திருந்தாலோ, பாத்திரம் கழுவிய ஈரம் இருந்தாலோ திரை தொடுதலை எடுக்காது, கம்பளிக் கையுறை போட்டாலும் எடுக்காது. டேப்லெட் கெட்டுவிட்டது என்று அவர் பயப்படுவார். கையைத் துடைத்து, கொஞ்சம் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடச் சொல்லுங்கள்.