உப்புநீரில் ஊறவைத்தால் மட்டியிலிருந்து ரசாயனம் போகுமா?

கேள்வி: கழிமுகத்தில் நாங்களே பொறுக்கும் மட்டியையும் பிடிக்கும் நண்டையும் அடிக்கடி சமைக்கிறோம். ஆற்றின் மேல்பக்கம் ஒரு பழைய தொழிற்சாலை இருந்தது, மூடிப் பல வருஷம் ஆகிறது. இரவு முழுக்க உப்புநீரில் ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவைத்தால் ரசாயனம் போய்விடுமா? நான் தாய்ப்பால் கொடுக்கிறேன்.

பதில்: போகாது. ஊறவைத்தால் மணல் போகும், கொதிக்கவைத்தால் கிருமிகள் பெரும்பாலும் சாகும். பிசிபி (மின்கருவிகளின் எண்ணெயில் பயன்பட்ட ரசாயனம்), டயாக்சின் (எரிக்கும்போதும் ஆலைகளிலும் உண்டாகும் நச்சு), டிடிடி (பூச்சிக்கொல்லி) போன்றவை இரண்டுக்கும் அசையாது. அவை கொழுப்பில் ஒட்டிக்கொள்பவை, அடுப்புச் சூட்டில் சிதையாதவை. மின்மாற்றி எண்ணெயாகப் பிசிபியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமே அது சூட்டைத் தாங்கும் என்பதுதான். அமெரிக்கா 1979-இல் அதன் உற்பத்தியைத் தடை செய்தது. ஆனாலும் பல துறைமுகங்களின் சேற்றில் அது இன்னும் கிடக்கிறது. ஆகவே ஆலை மூடியாயிற்று என்று நிம்மதி அடைய முடியாது.

மட்டி போன்ற சிப்பி வகைகள் இருந்த இடத்திலேயே இருந்து, மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீரைச் செவுளால் வடிகட்டுகின்றன. இந்த ரசாயனங்களை உடைத்து வெளியேற்றும் திறன் மீன்களைவிட அவற்றுக்குக் குறைவு. அதனால்தான் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற கடல் வேதியியலாளர், கரையோர மாசை அளக்கச் சிப்பிகளையே பயன்படுத்தலாம் என்று 1975-இல் சொன்னார். சிப்பிகளைச் சுத்தமான நீருக்கு மாற்றினாலும் இந்த ரசாயனங்கள் வெளியேற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். உங்கள் ஒரு இரவு எந்த மூலைக்கு?

சரி, ஒரு ஆறுதலும் உண்டு. மட்டிச் சதையில் கொழுப்பு குறைவு. எனக்கு அதிகக் கவலை நண்டைப் பற்றித்தான். மேலோட்டைப் பிரித்தால் கடுகு அரைத்தது போல மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு விழுது இருக்கும். பலர் அதைத்தான் ருசி என்று வழித்துச் சாப்பிடுவார்கள். அது நண்டின் ஈரல். பிசிபி, டயாக்சின், காட்மியம் என்ற நச்சு உலோகம் எல்லாம் வெள்ளைச் சதையைவிட அங்கேதான் மிக அதிகமாகச் சேரும். சமைப்பதற்கு முன்பே அதை எடுத்து எறியுங்கள். முழு நண்டாக வேகவைத்தால் ஈரலில் உள்ளது தண்ணீரில் இறங்கும், அந்தத் தண்ணீரைக் குழம்புக்கு எடுக்காதீர்கள்.

தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம், குழந்தைக்கு அதன் நன்மை பெரிது. இந்தப் பொருள்கள் உடலைவிட்டுப் போக வருஷங்கள் ஆகும் என்பதால், இன்று நண்டை விட்டால் நாளைக்கே பாலில் குறைந்துவிடாது. மேலும் சேராமல் தடுக்கலாம், அது உங்கள் கையில் இருக்கிறது.

அப்புறம், மீன்வளத் துறையிடமோ சுகாதாரத் துறையிடமோ அந்தக் கழிமுகத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்கும்போது, 'பிசிபியும் உலோகங்களும் பார்த்தீர்களா?' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கிருமிப் பரிசோதனையில் தேறிய இடத்தில் ரசாயனப் பரிசோதனையே நடக்காமல் இருக்கலாம். பதில் வரும்வரை அங்கே பொறுக்க வேண்டாம்.