முடக்குவாதத்தில் குருத்தெலும்புப் பழுதை ஸ்கானில் பார்க்கலாமா?

கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: முடக்குவாதமுள்ள அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, இனி அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எதற்கு என்று.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கிடையே இடைவெளி குறைந்ததை வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஸ்கானில் அது நேரடியாகவே தெரியும். நல்ல குருத்தெலும்பு என்றால், இரு பக்கமும் தெளிவான வெள்ளை விளிம்புள்ள கரிய பட்டி, வரம்புகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் மாதிரி. பழுதானால் விளிம்பு மங்கும், பட்டி மெலியும், சில இடங்களில் அற்றே போகும்.

முழங்கால் மூட்டென்றால், காலை நன்றாக மடக்கிவைத்துத்தான் ஸ்கான் பார்ப்பார்கள். களை பிடுங்கக் குந்தவே முடியாத அம்மாவுக்கு அதுதான் பாடு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒலியலை எலும்பைத் துளைக்காது, ஆகவே மூட்டின் உட்பகுதி முழுவதும் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும்.

அப்புறம், அதே ஸ்கானில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் முறையைப் போட்டால் மூட்டுச் சவ்வில் அழற்சி இன்னும் இருக்கிறதா என்பதும் தெரியும். மருந்தைத் தீர்மானிக்க இதுதான் கூடுதலாக உதவும் என்பேன்.