பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் ஏடிசி, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் (கன்ட்ரோலர்) ஆகலாமா? வேலை எப்படி இருக்கும், மேலே போக வழி உண்டா?

ஆகலாம். ஆனால் "ஏடிசி டிப்ளமோ, வேலை உறுதி" என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். புனே போன்ற ராணுவத் தளங்களை விமானப்படை பார்த்துக்கொள்ளும். மற்றபடி பயணிகள் விமான நிலையங்களுக்குக் கன்ட்ரோலர்களை எடுப்பது இந்திய விமான நிலையங்கள் ஆணையம், அதாவது ஏஏஐ. தனியார் நடத்தும் பெங்களூரு, ஹைதராபாத் நிலையங்களிலும் டவரில் இருப்பது ஏஏஐ ஆட்கள்தான். தேர்வான பிறகு பயிற்சியையும் அவர்களே தருகிறார்கள்.

பதவியின் பெயர் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ். பி.எஸ்சி. என்றால் இயற்பியல், கணிதம் இரண்டும் படித்திருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலை எடுத்து இரண்டும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பி.இ. என்றால் எந்தப் பிரிவும் சரி, ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த இரண்டும் இருந்தால் போதும். வயது வரம்பு 27. ஓபிசிக்கு 3, எஸ்சி/எஸ்டிக்கு 5 ஆண்டு தளர்வு. தேர்வு 120 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. பாதி மதிப்பெண் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் போகிறது, அதனால் உங்களுக்கு அது சாதகம். 2022-ல் 400, 2023-ல் 496, 2025-ல் 309 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. வருடா வருடம் வரும் என்று வேறு வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு குரல் தேர்வு, போதைப்பொருள் பரிசோதனை, உளவியல் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை. நிறக்குருடு இருந்தால் மருத்துவத்தில் நின்றுவிடும். படிக்க உட்காருவதற்கு முன்பே ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது, செலவும் அதிகமில்லை.

இத்தனையும் தாண்டி வேலைக்குச் சேர்ந்தாலும் நீங்கள் இன்னும் கன்ட்ரோலர் இல்லை. பலருக்குப் புரியாத இடம் இதுதான். பிரயாக்ராஜிலோ ஹைதராபாத்திலோ வகுப்பும் சிமுலேட்டரும் முடித்து, ஒதுக்கப்பட்ட நிலையத்துக்குப் போய், ரேட்டிங் (அந்த இருக்கையில் தனியாகப் பணி செய்யும் தகுதி) உள்ள ஒருவர் பக்கத்தில் ஹெட்செட்டைச் செருகி உட்கார வேண்டும். நீங்கள் பேசுவீர்கள், தப்பு நடக்கும்போல் இருந்தால் அவர் குறுக்கிட்டுப் பேசிவிடுவார். குறிப்பிட்ட மணி நேரம் இப்படி ஓட்டிய பிறகு வாய்மொழித் தேர்வு, இருக்கையிலேயே செய்முறைத் தேர்வு. தேறினால் அந்த நிலையத்துக்கு, அந்த யூனிட்டுக்கு மட்டும் ரேட்டிங். திருச்சி டவரில் தேறியவர் சென்னைக்கு மாற்றலாகி வந்தால் மறுபடி பயிற்சி பெறுபவர்தான். சென்னையில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ரன்வே, பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளம். இதெல்லாம் புதிதாக மனப்பாடம் ஆக வேண்டும்.

திணறுகிறவர்கள் பெரும்பாலும் விதிகள் தெரியாமல் திணறுவதில்லை. ரேடாரில் பக்கவாட்டு இடைவெளி பாதை நெடுக 5 கடல் மைல், நிலையத்தை நெருங்கும் பகுதியில் 3. செங்குத்தாக 1,000 அடி. இதை ஒரே நாளில் படித்துவிடலாம். ஆனால் 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் நிமிடத்துக்கு 16 கடல் மைல் நெருங்குகின்றன. 5 மைல் என்பது 20 விநாடிகூட இல்லை. அதனால் அடுத்த ஐந்து, பத்து நிமிடம் முன்கூட்டியே மனதில் ஓட வேண்டும். அது ஓடாதவர் ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார், கூட்டம் சேர்ந்ததும் மாட்டிக்கொள்வார். அடுத்த பலவீனம் ரீட்பேக். பைலட் உங்கள் உத்தரவைத் திருப்பிச் சொல்லும்போது, தான் சொன்னதையே அவரும் சொல்கிறார் என்று காது நம்பிவிடும். 652, 625 என்று ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்கள் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். 1996-ல் டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரிக்கு மேலே 349 பேர் இறந்த மோதலில், 15,000 அடியில் நிற்கச் சொன்ன கசாக் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தில் மோதியது. அந்த விமானிகளின் ஆங்கிலக் குறைபாடும் விசாரணையில் பேசப்பட்டது. ஆங்கிலத் தகுதியில் 4-ஆம் நிலையாவது இருக்க வேண்டும் என்று இன்று உலகம் முழுக்க விதி. 4 என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு, 5 என்றால் ஆறு ஆண்டு, 6 என்றால் மறுதேர்வே இல்லை.

தினசரி வாழ்க்கை ஷிப்ட்தான். இரவுப் பணி உண்டு, தீபாவளி, பொங்கல் எல்லாம் ரோஸ்டரைப் பொறுத்தது. பொதுவாக இரண்டு மணி நேரம் இருக்கையில், பிறகு ஓய்வு. மது குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். அழுத்தம் கூட்டத்தால் மட்டும் வருவதில்லை. சென்னையில் மாலை இடிமழை வந்தால் எல்லா விமானமும் பாதை விலகக் கேட்கும், போட்ட வரிசை கலைந்துவிடும்.

சம்பளம் 40,000–1,40,000 அளவுகோல். ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் என்று அறிவிப்பில் போடுவது எல்லாப் படிகளையும் சேர்த்து. கையில் வருவது குறைவு. மேலே அசிஸ்டன்ட் மேனேஜர், மேனேஜர், சீனியர் மேனேஜர் என்று எக்ஸிகியூட்டிவ் டைரக்டர் வரை படி இருக்கிறது. டவரிலிருந்து அப்ரோச் (நிலையத்தை நெருங்கும் பகுதி), ஏரியா ரேடார் (பாதை நெடுக) என்று ரேட்டிங் கூட்டிக்கொள்வதுதான் தொழிலில் உண்மையான வளர்ச்சி என்பேன். சென்னையில் சேர்ந்தால் வங்காள விரிகுடாவின் மேலே, ரேடார் எட்டாத இடத்தில், டேட்டாலிங்க் (எழுத்தாக வரும்) செய்தியை வைத்து விமானம் நடத்தும் வேலையும் கிடைக்கலாம்.

அமெரிக்கா பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கே குடியுரிமை வேண்டும், 31 வயதுக்குள் சேர வேண்டும். வளைகுடா நாடுகளில் வாய்ப்பு பார்க்கலாம், ஆனால் அங்கே நடப்பில் உள்ள ரேட்டிங்கையும் ரேடார் அனுபவத்தையும் எதிர்பார்ப்பார்கள். ஆறு மாதம் இருக்கையில் உட்காராவிட்டால் ரேட்டிங் காலாவதி. தலைமையகத்தில் மேசை வேலைக்கு ஒத்துக்கொள்வதற்கு முன் வளைகுடா வேலைக்கான விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.