கால்நடை கேள்வி – பதில்: ஒரே எடை, வேறு வேறு கறி

கேள்வி (தேவிபட்டினம் வாசகர்): ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு செம்மறிக் கிடாக்குட்டிகள். இரண்டும் 20 கிலோ. உரித்தபின் ஒன்றில் 9 கிலோ, மற்றதில் 10 கிலோவுக்கு மேல். மேய்ச்சல் ஒன்றுதான். காரணம் இரத்தமா, தீனியா?

பதில்: முதலில் வயிற்றைச் சந்தேகப்படுங்கள். மேய்ந்து தண்ணீர் குடித்த ஆட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வயிற்றுச் சரக்கு. முந்தைய இரவே தீனியை நிறுத்தி, 12 மணி நேரம் கழித்து எடை போடுங்கள். தலை, தோல், கால், குடல் நீக்கிய எடையை அந்த எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 20 கிலோவில் 9.4 கிலோ என்றால் 47 சதவீதம். இரட்டைக் குட்டியை ஒற்றைக் குட்டியோடு ஒப்பிடாதீர்கள். ஒற்றைக்குத் தாய்ப்பால் கூடுதல்.

இதற்குப் பிறகும் வித்தியாசம் நின்றால், மரபணுவுக்கு அதில் பங்கு இருக்கலாம். இறைச்சி மாடுகளில் இதை நன்றாக அளந்திருக்கிறார்கள்: 12, 13ஆம் விலா எலும்புகளுக்கு இடையே அறுத்துப் பார்க்கும் முதுகுத்தசையின் பரப்பிலும், தசைக்குள் படரும் கொழுப்பிலும் மாட்டுக்கு மாடு காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 சதவீதம் மரபுவழி வருவது. கறியின் மென்மையில் அந்தப் பங்கு குறைவு.

சிக்கல் என்னவென்றால், கறி எவ்வளவு என்பது அறுத்த பிறகுதான் தெரியும். அறுத்த கிடா இனத்துக்கு உதவாது. அதனால் அதே தகப்பனுக்குப் பிறந்த குட்டிகளின் கணக்குதான் வழிகாட்டும். நம் பக்கம் இரண்டு மூன்று கிடாக்களை ஒன்றாக விட்டுவிடுகிறோம், தகப்பன் யாரென்றே தெரிவதில்லை. 25 பெட்டைக்கு ஒரு கிடா என்று பட்டியைப் பிரித்து, 35 நாள் விடுங்கள். இரண்டு சினைப்பருவச் சுற்று அதில் அடங்கிவிடும். பிரிக்க இடமில்லையா? காவிப்பொடியை எண்ணெயில் குழைத்து ஒரு கிடாவின் நெஞ்சிலும், வேறு நிறச் சாயத்தை மற்றதன் நெஞ்சிலும் தடவுங்கள். எந்த நிறம் பெட்டையின் பின்முதுகில் ஒட்டுகிறதோ அதுதான் தகப்பன். இரண்டு நிறமும் இருந்தால் அந்தக் குட்டியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு கிடாவுக்கும் பத்துக் குட்டியாவது அறுத்த கணக்கு வேண்டும். இரண்டு மூன்றை வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான்.

பலனை அவசரப்பட்டு எதிர்பார்க்காதீர்கள். ஆறு மாத எடையில் மரபுப் பங்கு 25 சதவீதம் என்று வையுங்கள். பட்டியின் சராசரியைவிட 4 கிலோ கூடுதலான கிடாவில் மரபுவழி வந்தது அதில் கால்பங்கு, 1 கிலோ. தன் குட்டிகளுக்குக் கொடுப்பது அந்த ஒரு கிலோவில் பாதிதான்: அரைக் கிலோ. ஆனால் அந்த அரைக் கிலோ அடுத்த தலைமுறைக்கும் தொடரும். வருடா வருடம் நல்ல கிடாவையே முதலில் சந்தைக்கு ஓட்டிவிட்டால், எந்தத் தீனியாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

கேள்வி (திருப்புல்லாணி வாசகர்): இரட்டைத் தொடை போலப் புடைத்த வெளிநாட்டுக் காளையின் படம் பார்த்தேன். அந்த விந்தை நம் மாட்டுக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். அது பெல்ஜியன் புளூ. தசை வளர்ச்சிக்குக் கடிவாளமான மயோஸ்டேட்டின் மரபணுவின் குறியீட்டில் 11 எழுத்துகள் விடுபட்டதால் வந்த தசை, 1997இல் கண்டறிந்தார்கள். கன்று பெரிது, தாயின் இடுப்பெலும்புப் பாதை குறுகல். அந்த இனத்தில் அறுவைசிகிச்சைப் பிரசவம் வாடிக்கையே. புலிக்குளம் போன்ற சிறிய பசுவில் கலப்புக் கன்றுகூடச் சிக்கிக்கொள்ளலாம், நடுஇரவில் உதவிக்கு மருத்துவர் கிடைப்பதும் கடினம்.