கேள்வி–பதில்: ஜிக்பீ கன்ட்ரோலரை மாற்றும்போது

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. பல்பும் சென்சாரும் பேசும் ஜிக்பீ வயர்லெஸ் முறைக்குக் கன்ட்ரோலர், சிசி2531 சிப் உள்ள பழைய யூஎஸ்பி டாங்கிள்; அதை ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் மென்பொருள் இசட்எச்ஏ. பல்பு, பிளக், சென்சார் எல்லாம் சேர்த்து 34 பொருட்கள். அடிக்கடி இரண்டு மூன்று சென்சார் காணாமல் போகிறது. சிசி2652பி சிப் உள்ள டாங்கிள் வாங்கி வைத்திருக்கிறேன். 34 பொருளையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். சரியாகச் செய்தால் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை தாமாகவே வந்து சேரும். புது டாங்கிள் வாங்கியதும் சரியான முடிவுதான். சிசி2531-இல் இருப்பது 8 கேபி ரேம் மட்டுமே. வழக்கமான ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) சுமார் 20 பொருட்களைத்தான் அது நேரடியாகத் தாங்கும்.

உங்கள் பல்புக்கு டாங்கிள் என்ன பிராண்டு என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தவை 128 பிட் நெட்வொர்க் சாவி (செய்திகளைப் பூட்டும் ரகசிய எண்), பேன் ஐடி (நெட்வொர்க்கின் அடையாள எண்), சேனல், கன்ட்ரோலரின் 64 பிட் முகவரி ஆகியவைதான். இவை அப்படியே புது டாங்கிளுக்குப் போய்விட்டால், ஆள் மாறியதே பல்புக்குத் தெரியாது. இவற்றோடு ஒரு எண்ணியும் உண்டு. கன்ட்ரோலர் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போகும் வரிசை எண் அது. பழைய செய்தியைப் பதிவு செய்து யாரும் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, கடைசியாகப் பார்த்ததைவிடக் குறைந்த எண்ணோடு வரும் எதையும் பொருட்கள் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு முந்தைய பேக்கப்பை ஏற்றியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பட்டியலில் எல்லாம் இருக்கும், ஒன்றும் பதில் பேசாது. அன்றைக்கு எடுத்த பேக்கப் என்றால் மென்பொருளே எண்ணியைக் கொஞ்சம் முன்னே தள்ளி எழுதிவிடும், சிக்கல் வராது.

முதலில் ஹோம் அசிஸ்டன்டின் முழு பேக்கப் ஒன்று எடுத்து, ராஸ்பெர்ரி பைக்கு வெளியே வேறு கம்ப்யூட்டரில் வையுங்கள். பேட்டரி தீரும் நிலையில் உள்ள சென்சார்களுக்குப் புதுப் பேட்டரி போட்டுவிடுங்கள். திரும்ப இணையும்போது கூடுதல் மின்சாரம் இழுக்கும், சோர்ந்த பட்டன் செல் அந்த நேரத்தில் கைவிடும். பிறகு இசட்எச்ஏ அமைப்புகளுக்குள் போய் 'மைக்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது பழைய டாங்கிளிலிருந்து விவரங்களை எடுத்துக்கொண்டு, அந்த டாங்கிளை அழித்துவிட்டு, கழற்றச் சொல்லும். கழற்றியபின் புதியதைச் செருகி, அதன் போர்ட்டைக் காட்டினால் விவரங்கள் ஏறிவிடும். பழையதை மறுபடி அதே பேக்கப்போடு எங்கும் செருகாதீர்கள். ஒரே முகவரியில் இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் நெட்வொர்க்கே குழம்பிவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: நீங்கள் வாங்கியது இஎஃப்ஆர்32 சிப் உள்ள டாங்கிள் என்றால், பழைய முகவரியை நிரந்தரமாக எழுதட்டுமா என்று நடுவில் கேட்கும். பழைய ஃபர்ம்வேரில் இதை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அதனால் எந்த டாங்கிள், எந்த நெட்வொர்க் என்று உறுதி செய்துகொண்டு 'சரி' கொடுங்கள். 'வேண்டாம்' என்று தள்ளினால் கன்ட்ரோலரின் முகவரி மாறிவிடும், பல பொருட்களைக் கையால் சேர்க்க நேரிடும்.

புது டாங்கிளை எங்கே செருகுகிறீர்கள் என்பதும் முக்கியம். பை 4-இல் நீல நிற போர்ட்டுகள் யூஎஸ்பி 3. அவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், ஜிக்பீ பேசுவதும் அதே அலைவரிசையில்தான். கறுப்பு போர்ட்டில், குறைந்தது ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு, ஹார்டு டிஸ்க்கையும் ரவுட்டரையும் விட்டுத் தள்ளி வையுங்கள். 'சென்சார் காணாமல் போகிறது' என்ற புகாரில் பாதி இந்தக் கேபிளிலேயே தீர்ந்துவிடும்.

மாற்றியபின் பொறுமை வேண்டும். கரண்டில் ஓடும் பல்பும் பிளக்கும் சில நிமிடங்களில் வரும். வராததை அணைத்து, பத்து விநாடி விட்டுப் போடுங்கள். ஆனால் பல்பை வேகமாகப் போட்டுப் போட்டு அணைக்காதீர்கள். ஐக்கியா பல்பு ஆறு முறை அப்படிச் செய்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். கரண்ட் விட்டு விட்டு வரும் மழை நாளில் பல்பு தானாகவே நெட்வொர்க்கை விட்டு விலகுவதற்கும் இது காரணமாகலாம். பேட்டரி சென்சார்கள் தூங்கிக் கிடப்பவை. சில வகை சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் விழித்துப் பேசும். அவசரமென்றால் சென்சாரின் ஓரத்தில் உள்ள சின்னப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டுங்கள், விளக்கு மின்னினால் விழித்துவிட்டது. ஒரு நாள் முழுக்க விட்டும் வராததை மட்டும் கையால் சேருங்கள்.

அப்படிச் சேர்க்கும்போது பொருளைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள், இதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. நீக்காமல் 'சேர்' என்று திறந்துவிட்டு, பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத 64 பிட் முகவரி உண்டு. அதை வைத்துப் பழைய பெயர், அறை, ஆட்டோமேஷன் எல்லாவற்றோடும் அது தன் இடத்தில் வந்து உட்காரும்.

கேள்வி: கன்ட்ரோலர் மாற்றும் அன்றே ஜிக்பீ சேனலையும் 11-லிருந்து 25-க்கு மாற்றிவிடலாமா? வீட்டு வைஃபை சேனல் 1-இல் இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: மாற்ற வேண்டியதுதான், ஆனால் அதே நாளில் வேண்டாம். இரண்டையும் ஒன்றாகச் செய்து ஏதாவது வராமல் போனால், எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரம் நிதானமாக ஓடட்டும்.

உங்கள் கணக்கு சரி. ஜிக்பீ 11-இன் மையம் 2405 மெகாஹெர்ட்ஸ், வைஃபை 1 கிட்டத்தட்ட 2401 முதல் 2423 வரை பரவி நிற்கிறது. 25-இன் மையம் 2475, அது வைஃபை 11-க்கும் மேலே. 15, 20 இரண்டும் வைஃபை 1, 6, 11-க்கு நடுவே உள்ள இடைவெளிகளில் விழும். 26 காலியாகத் தெரிந்தாலும் போகாதீர்கள், பல கருவிகள் அதில் சக்தியைக் குறைத்தே அனுப்புகின்றன. சில பேட்டரி சென்சார்கள் சேனல் மாற்றத்தைப் பின்தொடராது. அவற்றை மேலே சொன்னபடி நீக்காமல் சேருங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனியின் ஹப்பில் (அவர்களே விற்கும் கன்ட்ரோலர் பெட்டி) 20 ஜிக்பீ பொருட்கள் உள்ளன. சொந்த டாங்கிளுக்கு மாற வேண்டும். சாவியை ஹப்பிலிருந்து எடுக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: கடையில் விற்கும் ஹப்புகள் சாவியை வெளியே தருவதில்லை. ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் வழி. வரிசை மட்டும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்டில் ஓடுபவைதான் மற்றவற்றுக்குச் செய்தி கடத்தும். அதனால் டாங்கிளுக்கு அருகிலுள்ள பிளக்கில் தொடங்கி வெளிப்பக்கம் போங்கள், பேட்டரி சென்சார் கடைசி. சென்சாரை மேஜையில் வைத்துச் சேர்க்காமல், அது மாட்டியிருக்கும் கதவிலேயே வைத்துச் சேருங்கள். மேஜையில் சேர்த்தால் அங்கே பக்கத்தில் செய்தி கடத்தும் பொருளையே பிடித்துக்கொண்டு, கதவுக்குப் போனபின் தடுமாறும் வகைகள் உண்டு.

நியூட்ரல் இல்லாமல் ஓடும் சுவிட்ச் மாட்யூல் பொதுவாகச் செய்தி கடத்தாது. நம் வீட்டு சுவிட்ச் போர்டில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் அங்கே நியூட்ரலும் இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, நியூட்ரல் தேவைப்படும் மாட்யூலையே போடச் சொல்லுங்கள். பிலிப்ஸ் ஹியூ பல்பு இருந்தால், பிரிட்ஜ் (ஹியூவின் ஹப்) ஓடும்போதே அதன் ஆப்பிலிருந்து நீக்குங்கள். அப்போது பல்பு தானே ரீசெட் ஆகிவிடும். பிரிட்ஜை முதலில் கழற்றிவிட்டால் வேலை இரட்டிப்பு.

கேள்வி: எங்களிடம் இருப்பது வைஃபை பிளக்குகள் மட்டும். புது ரவுட்டர் வருகிறது. என்ன செய்ய?
– வாசகர், சேலம்

பதில்: புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அப்படியே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இயங்கட்டும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஆகவே இருக்கட்டும், டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிளக்குகள் இணையாது. பழைய ரவுட்டரை அணைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், பிளக்குகள் தாமே வந்துவிடும்.